மேசான்–புரோட்டான் சிதறலில் குறுக்குவெட்டை அளத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறுக்குவெட்டு என்று இங்கே எதைச் சொல்கிறோம்?

பாய்ந்து வரும் மேசானுக்கு (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த, குறுகிய ஆயுள் கொண்ட துகள்; இங்கே பெரும்பாலும் பை மேசான், அதாவது பையான்) ஒரு புரோட்டான் எவ்வளவு பெரிய இலக்காக அமைகிறது என்பதைப் பரப்பின் அலகில் சொல்வது. அலகு பார்ன், அதாவது 10⁻²⁴ சதுர செ.மீ. மேசான் சோதனைகளில் மில்லிபார்ன்தான் புழக்கத்தில் இருக்கிறது. பை-பிளஸின் (நேர்மின் பையானின்) உந்தம் 300 மெ.எ.வோ. (மெகா எலக்ட்ரான் வோல்ட்) அருகே இருக்கும்போது டெல்டா 1232 ஒத்ததிர்வு (பையானும் புரோட்டானும் கணப்பொழுது ஒன்றாகும் கனத்த துகள்நிலை) உச்சத்தைத் தொடும். அங்கே மொத்தக் குறுக்குவெட்டு ஏறக்குறைய 200 மில்லிபார்ன். அதே இடத்தில் பை-மைனஸுக்கு (எதிர்மின் பையானுக்கு) சுமார் 70. ஆற்றலை 100 ஜி.எ.வோ. (ஜிகா எலக்ட்ரான் வோல்ட்) வரை ஏற்றினால் இரண்டுமே 24 மில்லிபார்ன் பக்கம் வந்து நிற்கும்.

இந்தப் பக்கத்தில் உந்தத்தையும் ஆற்றலின் அலகிலேயே தருகிறோம். துகள் இயற்பியலில் எல்லோரும் செய்வதுதான். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் 300 மெ.எ.வோ. பையான் கற்றையும் 5 செ.மீ. திரவ ஹைட்ரஜன் இலக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் உள்ள பவுல் ஷெரர் நிறுவனம், வான்கூவரின் ட்ரையம்ஃப், லாஸ் அலமோஸின் லாம்ஃப் ஆகிய மூன்று "மேசான் தொழிற்சாலை"களிலும் நடந்த பல அளவீடுகள் இந்த ஆற்றல் பகுதியைச் சேர்ந்தவை.

மொத்தக் குறுக்குவெட்டை எப்படி அளக்கிறார்கள்?

கடப்பு முறையில். சிதறிப் போனவற்றைத் தேடிப் பிடித்து எண்ணுவதில்லை. சிதறாமல் நேரே கடந்தவற்றை எண்ணுகிறோம். இலக்குக்கு முன்னால் இரண்டு மூன்று மெல்லிய சிண்டிலேட்டர் கவுன்டர்கள் (துகள் கடந்தால் மினுங்கும் உணரிகள்) இருக்கும். அவை எல்லாம் ஒரே நேரத்தில் துடித்தால் ஒரு பையான் உள்ளே போனதாகக் கணக்கு. இலக்குக்குப் பின்னால் ஒன்றைவிட ஒன்று பெரிய வட்டக் கவுன்டர்களை வரிசையாக நிறுத்துவார்கள். இலக்கு நிரம்பியிருக்கும்போது கடந்த விகிதம், காலியாக இருக்கும்போது கடந்த விகிதம் இரண்டையும் எடுத்து, காலி விகிதத்தை நிரம்பிய விகிதத்தால் வகுத்து, இயல் மடக்கை கண்டு, ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை புரோட்டான் என்ற எண்ணால் வகுத்தால் குறுக்குவெட்டு கிடைக்கும்.

கொதிநிலையில், அதாவது 20.3 கெல்வினில், திரவ ஹைட்ரஜனின் அடர்த்தி ஒரு க.செ.மீ.க்கு 0.0708 கிராம். ஆகவே ஒரு க.செ.மீ.யில் 4.23 × 10²² புரோட்டான்கள். 5 செ.மீ. நீளத்துக்கு 2.1 × 10²³. இதை 200 மில்லிபார்னால் பெருக்கினால் 0.042, அதாவது நூறு பையான்களில் நான்குதான் தொலைகின்றன. அந்த நான்கை ஒரு சதவீதத் துல்லியத்தில் அறிய வேண்டுமென்றால், கடந்துபோன விகிதம் பத்தாயிரத்தில் நான்கு பங்குக்குமேல் பிசகக் கூடாது.

எத்தனை பையான்கள் எண்ண வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. மேலே சொன்ன இலக்கில் 0.3 சதவீதப் புள்ளியியல் துல்லியத்துக்கு 26 லட்சம் பையான்கள் போதும். வினாடிக்கு ஒரு லட்சம் வரும் கற்றையில் அரை நிமிட வேலை. ஆகவே எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட்டுக் கற்றை நேரத்தைக் கரைக்காதீர்கள். மிச்ச நேரம் முழுவதும் முறைசார் பிழைகளைத் துரத்துவதற்குத்தான். பழைய அளவீடுகளுக்குள் இருக்கும் முரண்பாடுகளும் பெரும்பாலும் புள்ளியியலில் வந்தவை அல்ல, அளவுத்திட்டத்தில் (எல்லா எண்களையும் ஒரே விகிதத்தில் ஏற்றி இறக்கும் பிழையில்) வந்தவை.

பாலிஎத்திலீன் பலகை போதாதா? எதற்குத் திரவ ஹைட்ரஜன்?

பாலிஎத்திலீனில் ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஹைட்ரஜன்தான். கார்பன் அணுக்கருவின் பங்கு ஹைட்ரஜனின் பங்கைவிடப் பெரியது. தனியாக ஒரு கிராஃபைட் தகட்டை வைத்து அளந்து அதைக் கழிக்க வேண்டும். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறுகிறீர்கள். பெரிய எண்களில் உள்ள ஒரு சதவீதப் பிழை சிறிய எண்ணில் பல சதவீதமாக வீங்கும். கிராஃபைட்டிலும் நுண்துளைகள் உண்டு, ஈரத்தை உறிஞ்சும்.

ஆனாலும் பாலிஎத்திலீனை ஒதுக்கிவிடாதீர்கள். பின்னுதைப் புரோட்டானையும் (மோதலில் உதைபட்டு வெளிவரும் புரோட்டானையும்) சேர்த்துப் பிடிக்கும் மீள் சிதறல் (அதே இரண்டு துகள்களே மோதிப் பிரிவது) சோதனைகளில் கார்பனின் பின்னணி இயக்கவியலாலேயே பெருமளவு விழுந்துவிடும். அங்கே நிறுவை எடுத்துத் தடிமனைத் துல்லியமாகச் சொல்ல முடிகிற ஒரு திடப் பலகை, ஹைட்ரஜன் இலக்கின் அளவுத்திட்டத்தைச் சரிபார்க்க மிக நல்ல சாட்சி.

இலக்கின் தடிமன் எங்கே தவறும்?

நான்கு இடங்களில்.

முதலாவது வெப்பநிலை. கொதிநிலை அருகே ஒரு கெல்வின் ஏறினால் அடர்த்தி சுமார் ஒன்றரை சதவீதம் இறங்கும். வெப்பமானியை நம்புவதைவிட ஆவியழுத்தத்தைப் படிப்பது மேல்: ஒரு கெல்வினுக்கு ஏறக்குறைய 0.3 பார் மாறுவதால், 10 மில்லிபார் துல்லியத்தில் அழுத்தம் தெரிந்தால் அடர்த்தி 0.05 சதவீதத்துக்குள் வந்துவிடும்.

இரண்டாவது சன்னல். மைலார் அல்லது காப்டான் பிளாஸ்டிக் தாளால் ஆன முகப்புகள் வெற்றிடத்துக்கு எதிரே வெளிப்பக்கமாகப் புடைக்கும். மையத்தில் இலக்கு நீளமாகவும் ஓரத்தில் குட்டையாகவும் இருக்கும். "5 செ.மீ. இலக்கு" என்று வரைபடத்தில் இருப்பதைக் கணக்கில் போட்டால் தவறு. கற்றையின் குறுக்குப் பரவலை அளந்து, அந்தப் பரவலுக்கு ஏற்றபடி நீளத்தைச் சராசரியாக்க வேண்டும். அறை வெப்பநிலையில் அளந்த நீளத்திலிருந்து குளிர்ச் சுருக்கத்தையும் கழியுங்கள். பிளாஸ்டிக் தாளில் அது ஆயிரத்தில் சில பங்கு.

மூன்றாவது குமிழி. வெப்பக் கசிவு அதிகமானால் திரவம் மெல்லக் கொதிக்கும், கற்றைப் பாதையில் குமிழிகள் இருக்கும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே குளிர்வித்து, அல்லது சற்று அழுத்தம் கொடுத்து வைத்தால் இது அடங்கும்.

நான்காவதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது: "காலி" இலக்கு காலியில்லை. திரவத்தை வடித்ததும் கலத்தில் மிஞ்சுவது குளிர்ந்த ஹைட்ரஜன் ஆவி. 20 கெல்வினில் அதன் அடர்த்தி லிட்டருக்கு 1.3 கிராம், திரவத்தின் அடர்த்தியில் 1.9 சதவீதம். நீங்கள் கழிப்பது வெற்றுக் கலத்தை அல்ல, இரண்டு சதவீத இலக்கை. ஆகவே வகுக்க வேண்டியது திரவ அடர்த்தியால் அல்ல, திரவத்துக்கும் ஆவிக்கும் உள்ள வித்தியாசத்தால். அதைச் செய்யாவிட்டால் விடை 1.9 சதவீதம் குறைவாக வரும். எத்தனை முறை திரும்ப அளந்தாலும் அதே குறைவு.

காலி இலக்கு ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தொலைவது எவ்வளவோ அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில். நிரம்பிய நிலையில் 12 சதவீதம் தொலைகிறது, காலி நிலையில் 2 சதவீதம் தொலைகிறது என்றால் நேரத்தைச் சுமார் 5-க்கு 2 என்று பிரிப்பது சிக்கனம். ஒரே நாளில் எல்லாம் நிரம்பியது, மறுநாள் எல்லாம் காலி என்று எடுக்காதீர்கள். கவுன்டரின் திறன் மெல்ல நகரும். மாற்றி மாற்றி எடுத்தால்தான் அந்த நகர்வு கழிந்து போகும்.

காலி இலக்கைக் கழித்துவிட்டால் எல்லாப் பிழையும் போய்விடுமா?

போகாது. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சன்னலில் சிதறுவது, காற்றில் சிதறுவது, கவுன்டருக்குள்ளேயே தொலைவது ஆகியவை இரண்டு ஓட்டங்களிலும் ஒரே அளவு இருக்கும், அவை கழிந்துவிடும். ஆனால் ஹைட்ரஜன் உறிஞ்சுவதோடு பெருக்கலாக ஒட்டிக்கொள்ளும் பிழை கழியாது. கற்றையில் 5 சதவீதம் மியூவான் (பையான் சிதைந்து பிறப்பது, அணுக்கரு விசையை உணராதது) என்றால், அவை நிரம்பிய இலக்கையும் காலி இலக்கையும் ஒரேபோலக் கடந்துவிடும். விடை நேராக 5 சதவீதம் குறையும். அடர்த்திப் பிழையும் அப்படித்தான், ஒரே தருணத்தில் இரண்டு துகள்கள் வருவதும் அப்படித்தான்.

கற்றையில் உண்மையிலேயே எத்தனை பையான்கள் என்று எப்படி அறிவது?

குறைந்த ஆற்றலில் பறப்பு நேரத்தை வைத்து. 300 மெ.எ.வோ. உந்தத்தில் 10 மீட்டர் தூரத்தை எலக்ட்ரான் 33.4 நானோவினாடியிலும், மியூவான் 35.4-லும், பையான் 36.8-லும் கடக்கும். முடுக்கியின் ரேடியோ அலைத் துடிப்பைத் தொடக்கக் கடிகாரமாக வைத்து, கற்றைக் கவுன்டர் துடித்த நேரத்தைப் படமாக வரைந்தால் மூன்று குன்றுகள் தெரியும். வில்லிகனில் துடிப்பின் இடைவெளி 19.75 நானோவினாடி என்பதால் குன்றுகள் அடுத்த துடிப்பின்மேல் மடிந்து விழும். எந்த உந்தத்தில் எவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, அந்த உந்தங்களைத் தவிர்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உற்பத்தி இலக்கின் அருகில் பிறந்த மியூவான்கள் தனிக் குன்றாகத் தெரியும். ஆனால் பையான் வழி நெடுகச் சிதைகிறது. அதன் சராசரி ஆயுள் 26 நானோவினாடி, இந்த உந்தத்தில் சிதைவு நீளம் 16.8 மீட்டர். கடைசி வளைவுக் காந்தத்துக்கும் இலக்குக்கும் இடையே 2 மீட்டர் இருந்தால் அங்கே மட்டும் 11 சதவீதப் பையான்கள் சிதைகின்றன. அப்படிப் பிறக்கும் மியூவான்கள் அதிகபட்சம் 7.5 பாகைக்குள் முன்னோக்கிப் போகும். ஒரு பகுதி கவுன்டர்களைத் தவறவிடும், மீதி பையானின் நேரத்தோடேயே வந்து சேரும். அவற்றை நேரத்தால் பிரிக்க முடியாது. கற்றையின் வடிவத்தை உள்ளிட்டு மான்டே கார்லோவில் (தற்செயல் எண்களை வைத்துக் கணினியில் போலச்செய்யும் முறையில்) கணக்கிட வேண்டும். கடைசிக் கற்றைக் கவுன்டரைச் சிறியதாகவும் இலக்குக்கு மிக அருகிலும் வைத்தால் அந்தத் திருத்தம் சிறியதாகும்.

இலக்குக்குப் பிறகும் சிதைவு நடக்கும். அது பெரும்பாலும் காலி ஓட்டத்தில் கழிந்துவிடும், முழுதாக அல்ல: 5 செ.மீ. ஹைட்ரஜனில் பையான் 1.5 மெ.எ.வோ. போல ஆற்றலை இழக்கிறது, மெதுவான பையான் சற்று அதிகமாகச் சிதைகிறது. இன்னும் குறைந்த ஆற்றலில் இந்தத் திருத்தத்தை மறந்தால் அடி வாங்குவீர்கள்.

உயர் ஆற்றலில் செரன்கோவ் கவுன்டர்களே (ஊடகத்தில் ஒளியைவிட வேகமாகப் போகும் துகள் உமிழும் ஒளியைப் பிடிப்பவை) கதி. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நைட்ரஜன் வாயுவில் பையான் 5.7 ஜி.எ.வோ. உந்தத்துக்கு மேல் ஒளிரும், கேயான் (பையானைவிடக் கனத்த இன்னொரு மேசான்) 20-க்கு மேல், புரோட்டான் 38-க்கு மேல். இடையே அழுத்தத்தைத் திருகி எந்தத் துகள் வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். மியூவானும் பையானும் அங்கே நெருங்கிவிடும் என்பதால், பின்னால் மீட்டர் கணக்கில் இரும்பை அடுக்கி, அதைத் துளைத்து வருபவை மியூவான் என்று எண்ணுவார்கள்.

கேயான் கற்றையில் என்ன வித்தியாசம்?

கேயானின் ஆயுள் 12.4 நானோவினாடிதான், நிறையோ 494 மெ.எ.வோ. 500 மெ.எ.வோ. உந்தத்தில் சிதைவு நீளம் 3.8 மீட்டர், கற்றைப் பாதை 15 மீட்டர் என்றால் நூற்றுக்கு இரண்டுதான் மிஞ்சும். பையான்கள் கேயான்களை மூழ்கடித்துவிடும். மின்நிலைப் பிரிப்பான்கள் (மின்புலத்தால் துகள்களை வேகவாரியாகப் பிரிப்பவை) இல்லாமல் இந்த உந்தத்தில் உருப்படியாக எதுவும் செய்ய முடியாது; ஜப்பானின் ஜே-பார்க் கேயான் கற்றைகளிலும் அவைதான் வேலை செய்கின்றன. கே-மைனஸ் கற்றையில் 395 மெ.எ.வோ. அருகே லாம்டா 1520 ஒத்ததிர்வு குறுகலாக நிற்கும். உந்தப் பரவல் அகலமாக இருந்தால் அந்தச் சிகரம் மழுங்கிவிடும்.

கற்றையின் செறிவை ஏற்றினால் ஏன் குறுக்குவெட்டு குறைகிறது?

ஒரே துடிப்பில் இரண்டு பையான்கள் வருவதால். ஒன்று சிதறினாலும் மற்றொன்று பின்கவுன்டரை அடித்துவிடும். மின்னணுவியல் "கடந்தது" என்று எழுதிக்கொள்ளும். வில்லிகனில் வினாடிக்கு 5.06 கோடி துடிப்புகள். கற்றை வினாடிக்குப் பத்து லட்சம் என்றால், துகள் வந்த துடிப்புகளில் ஒரு சதவீதத்தில் இரண்டு இருக்கும்; விடை ஒரு சதவீதம் சரியும். ஒரு லட்சத்துக்கு இறக்கினால் சரிவு 0.1 சதவீதம். துடிப்பின் உயரத்தை வைத்து இரட்டைகளை ஓரளவு ஒதுக்கலாம், ஆனால் மெல்லிய சிண்டிலேட்டரில் லாண்டாவ் வால் (ஒற்றைத் துகளே சிலசமயம் மிகப் பெரிய துடிப்பைத் தருவது) குறுக்கே வரும். மூன்று வெவ்வேறு செறிவுகளில் அளந்து, பூச்சியச் செறிவுக்கு நீட்டிப் பார்ப்பதே நேர்மையான வழி. கவுன்டரின் முடக்க நேரமும் (ஒரு துடிப்புக்குப் பின் அடுத்ததைப் பதிய முடியாத நேரம்) அதே வரைபடத்தில் அகப்பட்டுவிடும்.

பின்னால் ஏன் பல அளவுகளில் கவுன்டர்கள்?

மிகச் சிறிய கோணத்தில் சிதறிய பையான் கவுன்டருக்குள்ளேயே விழுந்து, கடந்ததாகவே தெரியும். கவுன்டர் பெரிதாகப் பெரிதாக அளந்த குறுக்குவெட்டு குறையும். சிறிதாக்கிக்கொண்டே போனால் வேறு வினை: மின்னூட்டங்களின் கூலோம் சிதறல் பையான்களை வெளியே தள்ளும், அது அணுக்கரு விசையின் பங்கு அல்ல. ஆகவே ஒவ்வொரு கவுன்டருக்கும் தனித்தனியே பகுதிக் குறுக்குவெட்டைக் கண்டு, கூலோம் பங்கையும், கூலோம் விசையும் அணுக்கரு விசையும் ஒன்றோடொன்று குறுக்கிடும் பங்கையும் கழித்து, மிச்சத்தைப் பூச்சியத் திண்மக் கோணத்துக்கு நீட்ட வேண்டும்.

100 ஜி.எ.வோ.யில் உந்தப் பரிமாற்ற வர்க்கம் 0.01 ஜி.எ.வோ.²-க்குள் உள்ளதை எல்லாம் விழுங்கும் கவுன்டர், சுமார் 3 மில்லிபார்ன் மீள் சிதறலில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கை மறைக்கும். மொத்தத்தில் அது ஒரு சதவீதம். ஃபெர்மிலாபில் 1970-களில் பை, கே, புரோட்டான் கற்றைகளை வைத்து இதே முறையில் எடுத்த அளவீடுகள் ஒரு சதவீதத்துக்கும் கீழான துல்லியத்தைத் தொட்டன.

கோணவாரியாக அளக்கும்போது மீள் சிதறலை எப்படி அடையாளம் காண்பது?

இரண்டு துகள்களையும் சேர்த்துப் பிடியுங்கள். 300 மெ.எ.வோ. உந்தத்தில் நிறைமையச் சட்டகத்தில் (மொத்த உந்தம் பூச்சியமாகத் தெரியும் பார்வையில்) 90 பாகையில் சிதறும் பையான் ஆய்வகத்தில் 74 பாகையில் வரும். பின்னுதைப் புரோட்டான் மறுபக்கம் 44 பாகையில், 55 மெ.எ.வோ. இயக்க ஆற்றலோடு. கற்றையும் இந்த இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தளத்தை விட்டு விலகியவை, கோணம் பொருந்தாதவை எல்லாம் கார்பன் அல்லது சன்னல் பின்னணி. அந்தப் பின்னணி குன்றின் அடியில் எவ்வளவு என்பதைப் பக்கவாட்டுப் பகுதிகளிலிருந்து அறியலாம்.

முன்னோக்கிய சிறு கோணங்களில் இது கைகொடுக்காது. பின்னுதைப் புரோட்டான் மிக மெதுவாக இருக்கும், இலக்கின் சுவரைத் தாண்டாது. அங்கே பையானை மட்டும் வைத்து, கற்றை மியூவான்களோடும் போராட வேண்டும்.

மின்னூட்டம் மாறும் எதிர்வினையை என்ன செய்வது?

பை-மைனஸும் புரோட்டானும் சேர்ந்து பை-சுழியும் (மின்னூட்டமில்லாத பையானும்) நியூட்ரானும் ஆகும். வெளியே மின்னூட்டமுள்ள துகளே வராது. பை-சுழி உடனே இரண்டு காமாக்களாகும். புரூக்ஹேவன் முடுக்கியில் கிரிஸ்டல் பால் என்ற 672 சோடியம் அயோடைடு படிகங்களின் கோளம் அந்தக் காமாக்களைப் பிடித்தது. எளிய வழி, இலக்கைச் சுற்றி நாலாபக்கமும் வீட்டோ கவுன்டர்களால் (துடித்தால் அந்த நிகழ்வைத் தள்ளிவிடுபவை) மூடி, உள்ளே போன பை-மைனஸ் எதுவுமே வெளியே வராமல் மறைந்ததை எண்ணுவது. வீட்டோவின் இடுக்கில் ஒரு பையான் நழுவினாலும், ஒரு காமா கவுன்டரில் எலக்ட்ரான் இணையாக மாறினாலும் கணக்கு கெடும்.

உச்சத்தில் 200 வர வேண்டிய இடத்தில் 185 வருகிறது. எங்கே தேடுவது?

முதலில் பை-மைனஸையும் அளந்து பாருங்கள். ஐசோஸ்பின் (புரோட்டான்–நியூட்ரானையும் மூவகைப் பையானையும் தனித்தனிக் குடும்பமாகப் பார்க்கும் குவான்டம் எண்) 3/2 மட்டுமே ஆளும் இடத்தில் மீள் பை-பிளஸ், மீள் பை-மைனஸ், மின்னூட்ட மாற்றம் ஆகிய மூன்றும் 9 : 1 : 2, ஆகவே மொத்தங்களின் விகிதம் 3 அருகே. 1952-இல் சிகாகோவில் ஃபெர்மியின் குழு பை-பிளஸுக்குப் பெரிய குறுக்குவெட்டைக் கண்டபோது விளக்கமாக வந்ததும் இதே விகிதம்தான்.

இரண்டும் ஒரே சதவீதம் குறைந்தால் சந்தேகம் அடர்த்தி, நீளம், குளிர் ஆவி, மியூவான் ஆகியவற்றின் மேல். பை-மைனஸ் மட்டும் அதிகமாகக் குறைந்தால் எலக்ட்ரான்களைத் தேடுங்கள்: அவை உற்பத்தி இலக்கில் பை-சுழியின் காமாக்களிலிருந்து இரு மின்னூட்டத்திலும் சமமாகப் பிறக்கின்றன, பை-மைனஸோ பை-பிளஸைவிடக் குறைவாகப் பிறக்கிறது; அதனால் எதிர்க் கற்றையில் கலப்படம் எப்போதும் அதிகம். செறிவை மாற்றும்போது விடை மாறினால் இரட்டைத் துகள்.

உச்சத்தில் உந்தப் பிழையைச் சந்தேகிக்க வேண்டாம், வளைவு அங்கே தட்டை. சரிவின் நடுவே, 120 மெ.எ.வோ. இயக்க ஆற்றல் போன்ற இடத்தில், ஒரு மெ.எ.வோ. தவறினாலே ஒரு சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

உந்தத்தை எப்படிச் சரிபார்ப்பது?

காந்தத்தின் மின்னோட்டத்தை நம்பி இருக்காதீர்கள். நேர்க் கற்றையில் புரோட்டானும் வரும். அதன் பறப்பு நேரத்தை அளங்கள். உந்தம் ஒரு சதவீதம் மாறினால், 10 மீட்டரில் பையானின் நேரம் 0.07 நானோவினாடிதான் நகரும். புரோட்டானின் நேரம் ஒரு முழு நானோவினாடி நகரும். அந்த மெதுவான புரோட்டான் காற்றிலும் கவுன்டரிலும் கணிசமாக ஆற்றலை இழக்கும், அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். கடைசியில் அறிக்கையில் எழுத வேண்டியது கற்றைக் குழாயில் இருந்த உந்தம் அல்ல. பாதி இலக்கைக் கடந்த பின், ஹைட்ரஜனின் நடுவில் இருக்கும் உந்தம்.

முடிவை வெளியிடும்போது பிழைகளை எப்படிப் பிரித்துக் காட்டுவது?

ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய பிழை தனி, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் அளவுத்திட்டப் பிழை தனி. இரண்டையும் வர்க்கமாகக் கூட்டி ஒரே கோடாக வரைந்துவிட்டால், பின்னால் பகுதி அலைப் பகுப்பாய்வு (சிதறலைக் கோண உந்த வாரியாகப் பிரித்துப் பார்ப்பது) செய்பவர் உங்கள் தரவை மற்றவர்களின் தரவோடு சேர்த்துப் பொருத்த வழியில்லாமல் போகும். மியூவான் திருத்தம், எலக்ட்ரான் திருத்தம், ஆவி அடர்த்தி, பூச்சியக் கோண நீட்டிப்பு ஒவ்வொன்றின் அளவையும் அட்டவணையில் தனித்தனி வரியாகக் கொடுங்கள். திருத்தம் செய்வதற்கு முந்தைய பகுதிக் குறுக்குவெட்டுகளையும் சேர்த்துத் தந்தால், கூலோம் கணக்கு நாளை மாறினாலும் உங்கள் எண்களை யாரும் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.